எட்டிக்காய் விருது

விருதுச் செய்தி வந்தபோது செண்பகவல்லியின் இரண்டு கைகளும் ஒரு லாரி ஓட்டுநரின் வாய்க்குள் இருந்தன. பல் வெளியே வந்து, பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டுத்தான் கைபேசியைப் பார்த்தாள். இந்த ஆண்டின் எட்டிக்காய் அவளுக்கு.

திருச்சி உறையூரில் பதினெட்டு ஆண்டுகளாகப் பல் மருத்துவமனை வைத்திருப்பவள் அவள். வாரத்துக்கு ஒரு புத்தகம் படித்து விமர்சனமும் எழுதுவாள். நோயாளிகளைவிட எழுத்தாளர்கள்தான் அவளுக்கு அதிகம் பயந்தார்கள். பொய்யாக ஒரு வரி பாராட்டியதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு.

எட்டிக்காய் விருது தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தக விமர்சனமெல்லாம் கல்யாண வாழ்த்து மடல் மாதிரி ஆகிவிட்டதே என்று சலித்துப்போன சில வாசகர்கள் சேர்ந்து, அந்த ஆண்டின் மிகக் கசப்பான விமர்சனத்துக்கு ஒரு பரிசு என்று ஆரம்பித்தார்கள். உள்ளங்கை அளவில் வெண்கலத்தில் ஒரு எட்டிக்காய். முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. செப்பனி வந்த பிறகு விளையாட்டாக இல்லை.

புதுப் புத்தகங்கள் அச்சில் வருவது நின்றுபோய், எல்லோர் கையிலும் வாசிப்புப் பலகை வந்துவிட்ட காலம் அது. வெளியிட்ட பிறகும் பதிப்பகங்கள் புத்தகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தன. வாசகர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், விமர்சகர்கள் எதைக் குறை சொல்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடங்களைத் தானே மாற்றி எழுதும் இயந்திரத்துக்குச் செப்பனி என்று பெயர். அது மாற்றி எழுதியதும் எல்லாருடைய பலகையிலும் ஒரே நேரத்தில் மாறிவிடும். பழையது எங்கும் இருக்காது.

அவளுக்குப் பரிசு வாங்கித் தந்த விமர்சனம் ‘கம்பத்தடி வீடு’ என்ற நாவலைப் பற்றியது. லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற தனிஸ்லாஸ் என்பவரின் முதல் புத்தகம். முதல் பத்து அத்தியாயங்கள் சுமாராகப் போகும். பதினோராவதில் நாயகனின் மனைவி, காரணமே சொல்லாமல், சம்பந்தா சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்குவாள். நாற்பது பக்கம். செண்பகவல்லி அந்த நாற்பது பக்கத்தையும் வரி வரியாக எடுத்துப் போட்டுக் கிழித்திருந்தாள். படித்தவர்கள் சிரித்துச் சிரித்துப் பகிர்ந்தார்கள்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, பதினான்காம் டோக்கனில் ஒருவர் உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“எந்தப் பக்கம் வலி?”

“வலி இல்ல டாக்டரம்மா. டோக்கன் வாங்கினாத்தான் உள்ள விடுவேன்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. நான் தனிஸ்லாஸ். பாலக்கரை. ‘கம்பத்தடி வீடு’ எழுதினவன்.”

செண்பகவல்லி விளக்கை அணைத்தாள். இப்படிச் சிலர் வந்திருக்கிறார்கள். ஒருவர் மேசைமேல் இருந்த பல் அச்சைத் தூக்கி அடித்துவிட்டுப் போனார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, “திட்டணும்னா திட்டுங்க சார். வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க, கொஞ்சம் சீக்கிரம்” என்றாள்.

“திட்ட வரலைங்க. ஒண்ணு கேக்க வந்தேன்.” அவர் நிமிர்ந்து உட்கார முயன்றார். நாற்காலியின் சாய்வு விடவில்லை. அவள் பொத்தானை அழுத்தி நிமிர்த்தினாள். “பதினோராம் அத்தியாயத்துல அந்தப் பொம்பள பேசுறதா எழுதியிருந்தேனே, அதுல கொஞ்சம் வரி உங்க விமர்சனத்துல போட்டிருந்தீங்க. இப்ப அதுலயும் மாறிப்போச்சு. பழசு உங்ககிட்ட ஏதாவது இருக்கா?”

“என் விமர்சனத்துலயா? அது நான் எழுதினது. அது எப்படி மாறும்?”

“பாருங்களேன்.”

அவள் கைபேசியில் எடுத்துப் பார்த்தாள். வசவுகள் அப்படியே இருந்தன. மேற்கோள்கள் வேறாக இருந்தன. ‘உங்க கையால ஒரு வாய் தண்ணி குடுங்க, தொண்டை காயுது’ என்று மனைவி சொல்கிறாள். அதற்குக் கீழே அவள் எழுதியது: ‘ஆசிரியர் அகராதியைக் கோணிப்பையில் போட்டுக் குலுக்கி, கையில் வந்த சொல்லையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்.’

பைத்தியக்காரி எழுதியது போலிருந்தது.

“முன்னாடி அதுல ‘செவ்வாய்க்கிழமை குடு’ன்னு இருந்துச்சு” என்றார் தனிஸ்லாஸ். “அது ஒண்ணுதான் எனக்குச் சரியா ஞாபகம் இருக்கு. அவ தண்ணியைச் செவ்வாய்க்கிழமைம்பா.”

“அவங்கன்னா?”

“என் வீட்டுக்காரி. ரெஜினா. பக்கவாதம் வந்துச்சு. கை கால் ஓரளவு தேறிடுச்சு. பேச்சுதான் திரும்பலை. பேசுவா. நல்லா, ராகமாப் பேசுவா. வார்த்தை மட்டும் வேற வேற வரும். ரெண்டு வருஷம் நாலு மாசம் அப்படியே பேசிக்கிட்டிருந்தா. அப்புறம் இறந்துட்டா.”

வெளியே ஒரு குழந்தை அழுதது. செண்பகவல்லி சுழல் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“இதை நாவல்ல எங்கயுமே சொல்லலையே சார் நீங்க. நோய்னு ஒரு வரி இருந்தா நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.”

“தப்புதான். வீட்டுக்குள்ள யாரும்மா விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கா? ஒரு நாள் காலையில எந்திரிச்சு அப்படிப் பேசினா. அப்படியே எழுதிட்டேன்.”

“அவங்க பேசினதை ரெக்கார்டு பண்ணி வைக்கலையா?”

“போனைத் தூக்கினாலே முகத்தைப் பொத்திக்குவா. ஒரு தடவை போட்டுக் காட்டினேன். தன் பேச்சைத் தானே கேட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிடலை. அதோட விட்டுட்டேன். அவ சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு மாடிப்படிக்குப் போய், பதிப்பகத்தோட ஆப் இருக்கே, அதுல சொல்லிடுவேன். அதுவே எழுதிக்கும். அப்படித்தான் அந்த அத்தியாயம் வந்துச்சு.” கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து, கண்ணாடியை எடுக்காமலே மூடினார். “புத்தகத்துல இருக்குங்கிற தைரியத்துல மறந்துட்டேன் டாக்டர்.”

அவள் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“அதுகூடப் பரவாயில்ல. மாத்தி எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டேன். இப்ப அவளை நெனச்சா, அவ குரல்ல அந்த நல்ல பேச்சுதான் கேக்குது. ‘உங்க கையால’ன்னு அவ ஒரு நாளும் பேசினதில்ல. என்னை நீ, வா, போன்னுதான் பேசுவா.”

அன்று மதியம் அவள் பதிப்பகத்துக்குப் பேசினாள். ஆசிரியர் குழுவில் இருந்த இளம்பரிதி அவளுக்குப் பல வருடப் பழக்கம்.

“வாழ்த்துகள் மேடம். உங்களாலதான் அந்த நாவல் பிழைச்சுது தெரியுமா? எட்டிக்காய்ப் பட்டியல்ல உங்க விமர்சனம் வந்ததும் செப்பனி அதுக்குப் பெரிய எடை குடுத்துச்சு. நாலே மணி நேரத்துல அத்தியாயம் மொத்தமும் மாறிடுச்சு. இப்ப பதினொண்ணைப் படிச்சுட்டு அழுறாங்க.”

“பழைய அத்தியாயம் வேணும், இளம்பரிதி.”

“இல்லையே மேடம். ரெண்டு பதிப்பு சுத்தினா வாசகருக்குக் குழப்பம்னு எதையும் வெச்சுக்கிறதில்ல. ஒப்பந்தத்துலயே இருக்கு.”

“என் கட்டுரையில எப்படி நீங்க கை வெக்கலாம்?”

“கை வெக்கலை. மேற்கோளை மட்டும் இப்ப இருக்கிற புத்தகத்தோட ஒத்துப்போக வெச்சிருக்கு. புத்தகத்துல இல்லாத வரியை அதுல இருக்குன்னு சொன்னா அது பொய்யாகிடும் இல்லையா?” சற்று நிறுத்தி, “ஏன் மேடம், நீங்க கேட்ட மாதிரிதானே மாறியிருக்கு?” என்றான். அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

தனிஸ்லாஸிடம் அவள் சொல்லாத ஒன்று இருந்தது. விமர்சனம் எழுதும் புத்தகங்களில் மோசமான வரிகளைக் கையால் நோட்டில் எழுதிவைத்துக்கொள்வது அவள் வழக்கம். புத்தகம் எவ்வளவு மோசமோ அவ்வளவு பக்கம் நிறையும். ‘கம்பத்தடி வீடு’ ஒன்பது பக்கம் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்து எண்ணினாள். அறுபத்தொரு வரிகள்.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் அவள் கைப்பட எழுதியிருந்தது. ‘மூளை இருக்கிறதா?’ ‘இவரை யாராவது நிறுத்துங்கள்.’ ஓரிடத்தில், ‘இந்தப் பெண் எப்போது செத்துத் தொலைவாள்?’

வரிகளை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். ஏழு வரி எழுதியதும் கை நின்றது. நோட்டைப் பார்த்து எழுதியும், புதுத் தாளில் ஓரிடத்தில் ஒரு சொல்லைத் தெரியாமல் சரிசெய்து எழுதியிருந்தாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மருத்துவமனையை மூடிவிட்டு அவரை வரச்சொன்னாள். நோட்டை அப்படியே மேசைமேல் விரித்து வைத்தாள்.

“ஓரத்துல எழுதியிருக்கிறதைப் படிக்காதீங்க சார். படிச்சா…”

அவர் எல்லாவற்றையும் படித்தார். சிவப்பு மையையும் படித்தார். ‘எப்போது செத்துத் தொலைவாள்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அவள் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் ஒரு நாள் அப்படித் தோணுச்சு” என்றார். “அவ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, அவளுக்கு என்ன வேணும்னே எனக்குப் புரியலை. அன்னைக்கு நெனச்சேன். எழுதலை, அவ்வளவுதான்.”

பிறகு வரிகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள்.

“குடையை அவிச்சு வெச்சியா?”

“முட்டை. காலையில ஒண்ணு சாப்பிடணும் அவளுக்கு. இதைச் சொல்லிட்டு அவளே சிரிச்சுட்டா. தப்பா சொல்றோம்னு சில நேரம் தெரியும்.”

“ஜன்னலுக்குக் காய்ச்சலா இருக்கு.”

“இல்லம்மா, இழுத்துச் சொல்லணும். ஜன்னலுக்கூ… ஆங், அப்படித்தான்.” அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஜன்னல்னா எங்க மக. பெங்களூர்ல இருக்கா. போன் பண்ணலைன்னா அவளுக்கு உடம்பு சரியில்லைன்னு பயந்துக்குவா.”

“நீ எனக்கு நல்ல ஏணி.”

அவர் கண்ணைத் திறந்தார். “அது தெரியலை. கடைசி வரைக்கும் தெரியலை. நான் லைன்மேன், அதனால சொன்னாளா, இல்ல ஏணிங்கிறது வேற எதுக்கோ வந்த வார்த்தையா. கேட்டேன். ‘ஏணி, ஏணி’ன்னு கையைத் தட்டினா.”

மூன்று மணி வரை வாசித்தார்கள். அறுபத்தொன்றில் நாற்பதுக்குமேல் அவர் பொருள் சொன்னார். கிளம்பும்போது நோட்டை அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டும். நான் தினமும் எடுத்துப் படிப்பேன். படிச்சுப் படிச்சு இதையும் தேய்ச்சுடுவேன். வாரம் ஒரு நாள் வரேன், நீங்க வாசிங்க.” வாசலில் நின்று திரும்பினார். “ஒண்ணே ஒண்ணு டாக்டரம்மா. இது வெளிய வர வேண்டாம். விழா, மேடைன்னு எங்கயும் சொல்லிடாதீங்க. சொன்னா அந்தச் செப்பனி கேட்டுக்கும்.”

“சொல்ல மாட்டேன் சார்” என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, கன்டோன்மென்ட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். விமர்சிக்கப்பட்ட எழுத்தாளருக்கு முதல் வரிசையில் ஒரு நாற்காலி போட்டுவைப்பது வழக்கம். பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். தனிஸ்லாஸும் வரவில்லை.

பரிசு பெற்ற விமர்சனத்தை ஒரு நாடக நடிகர் வாசிப்பது இன்னொரு வழக்கம். பலகையைப் பிடித்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

“‘உங்க கையால ஒரு வாய் தண்ணி குடுங்க, தொண்டை காயுது’ என்கிறாள் மனைவி. ஆசிரியர் அகராதியைக் கோணிப்பையில் போட்டுக் குலுக்கி…”

மண்டபம் சிரித்தது.

செண்பகவல்லி மேடையில் உட்கார்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்தாள். அந்த வரியில் சிரிக்க எதுவும் இல்லை. தாகத்தோடு ஒரு பெண் தண்ணீர் கேட்கிறாள். இருந்தும் சிரித்தார்கள். அடுத்த மேற்கோளுக்கும் சிரித்தார்கள். எட்டிக்காய் மேடை என்பதால் சிரிக்க வேண்டிய இடம் என்று முடிவுசெய்துகொண்டு வந்திருந்தார்கள். நடுவர்களும் சிரித்தார்கள்.

அவளை ஏற்புரைக்கு அழைத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்றுதான் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள். கைப்பைக்குள் நோட்டு இருந்தது. ஏன் அதை எடுத்து வந்தாள் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

“நீங்க இப்ப சிரிச்ச வரி அந்தப் புத்தகத்துல இருந்த வரி இல்ல” என்று தொடங்கினாள். பிறகு நிறுத்த முடியவில்லை. ரெஜினாவைப் பற்றிச் சொன்னாள். பக்கவாதத்தைச் சொன்னாள். தான் எழுதிய சிவப்பு மை வரிகளையும் மறைக்காமல் சொன்னாள். நோட்டை விரித்து அறுபத்தொரு வரிகளையும் வாசித்தாள். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடித்தபோது முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வாழ்நாளில் அவளுக்கு யாரும் அப்படிக் கைதட்டியதில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல லேசாக இருந்தது.

அந்த லேசு வீட்டு வாசல் வரைதான் இருந்தது. செருப்பைக் கழற்றும்போது தனிஸ்லாஸின் முகம் நினைவுக்கு வந்தது.

விழாவுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை தனிஸ்லாஸ் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. போன் செய்தாள், எடுக்கவில்லை. இளம்பரிதி மட்டும் பேசினான். குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

“மேடம், உங்க பேச்சை செப்பனி எடுத்துக்கிச்சு. பதினோராம் அத்தியாயம் மறுபடி மாறிடுச்சு. நீங்க வாசிச்ச அறுபத்தொரு வரியும் உள்ள இருக்கு. அது மட்டும் போதாதுல்ல, நாற்பது பக்கம் ஆச்சே. அதே மாதிரி இன்னும் நூத்தம்பது வரி அதுவே எழுதிச் சேத்திருக்கு. எது அந்த அம்மா சொன்னது, எது இது எழுதினதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு நல்லா வந்திருக்கு.”

மூன்றாவது வெள்ளிக்கிழமை மதியம் தனிஸ்லாஸ் வந்தார். இளைத்திருந்தார். கையில் வாசிப்புப் பலகை இருந்தது. நோயாளி நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மன்னிச்சிருங்க சார்” என்றாள். “சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டுச் சொன்னேன். உங்களுக்காகச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்காகத்தான் சொல்லியிருக்கேன்.”

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பலகையைத் திறந்து ஒரு பக்கத்துக்குப் போனார்.

“ஒரு வரி இருக்கு. ரெண்டு வாரமா தூக்கம் இல்ல. இது உங்க நோட்டுல இருக்கிற வரி இல்ல. ஆனா நோட்டுல எழுதாம விட்ட வரியும் நிறைய இருக்கும்ல? நீங்க பழசை முழுசாப் படிச்சவங்க. என்னையும் உங்களையும் விட்டா அதைப் படிச்சு ஞாபகம் வெச்சிருக்கிறவங்க யாரும் இல்ல. நீங்கதான் சொல்லணும்.”

“வாசிங்க.”

“‘கதவைச் சாத்தாத, என் பேரு வெளிய நிக்குது.’”

செண்பகவல்லி அந்த வரியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அழகான வரி. மண்டபத்தில் வாசித்திருந்தால் அதற்குத்தான் அதிகம் அழுதிருப்பார்கள். தண்ணீரும் முட்டையும் மகளின் காய்ச்சலுமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வாயில் அது உட்காரவில்லை. ரெஜினா எதையாவது கேட்பாள், எதற்காகவாவது பயப்படுவாள். இந்த வரி எதையும் கேட்கவில்லை. தன்னைப் பார்க்கச் சொல்லி நின்றது.

ஆம் என்று சொல்லிவிடலாம். அவருக்கு மனைவியின் ஒரு வரி கூடுதலாகக் கிடைக்கும். அவர் முகத்தைப் பார்த்தால் அதைத்தான் கேட்டு வந்திருக்கிறார் என்று தோன்றியது.

“இல்ல சார். அது அவங்க சொன்னது இல்ல. புத்தகத்துல அது இல்ல.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. இருந்திருந்தா நான் அதை விட்டிருக்க மாட்டேன்.”

தனிஸ்லாஸ் குனிந்தார். தோள்கள் குலுங்கின. அவள் எழுந்து அருகில் போனாள். அவர் கையால் தடுத்து, நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப நான் மறக்கலை” என்றார். “இவ்வளவு பெரிய வார்த்தையை அவ சொல்லி, அதைப் போய் நான் மறந்துட்டேனான்னுதான்… அதான் டாக்டர் தூக்கம் இல்ல. நான் மறக்கலைல்ல?”

“மறக்கலை சார். அவங்க சொல்லவே இல்ல.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்ப மத்ததையும் பாத்துடலாம். நூத்தம்பது இருக்காம். நான் வாசிக்கிறேன், நீங்க சொல்லுங்க.”

அவர் வாசித்தார். அவள் நோட்டைத் திறக்கவில்லை. “இல்ல” என்றாள். அடுத்ததற்கும் “இல்ல”. எத்தனையோ புத்தகங்களுக்கு அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் தலையை ஆட்டி, விரலால் அந்த வரியைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார். சிலவற்றுக்கு அவரே முந்திக்கொண்டு “இது இல்ல, இதுல அவளைக் காணோம்” என்றார். மின்விசிறிக் காற்றில் பஞ்சுப் பொட்டலத்தின் தாள் படபடத்தது. வெளியே டோக்கன் கொடுக்கும் பெண் கதவை மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தொண்ணூற்றுச் சொச்சமாவது வரியில் அவர் குரல் சற்றுத் தயங்கியது.

“‘தட்டை மூடு, கண்ணு கூசுது.’”

அவள் “இல்ல” என்று சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை. சாதாரண வரி. நோட்டில் எழுதும் அளவுக்கு வேடிக்கையாகவும் இல்லை. படிக்கும்போது கண் தாண்டிப் போயிருக்கக்கூடிய வரி. எங்கோ ஒரு பக்கத்தின் அடியில் பார்த்தது போல இருந்தது. அல்லது இப்போது கேட்டதால் அப்படி இருந்தது. அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.

“தெரியலைங்க” என்றாள். “இது எனக்குத் தெரியலை.”

“எனக்கும் தெரியலை” என்றார் அவர். விரல் அந்த வரியின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. “சாயங்கால வெயில் அவ கட்டிலுக்கு நேரா விழும். சொல்லியிருப்பா.”

அந்த வரியைத் தள்ளாமல் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை வாசித்தார்.